தூக்கு உறுதியான பயங்கரவாதிக்குக் கருணை மனு எதற்கு?

2025 ஆகஸ்ட் 2, கேள்வி

குண்டு வைத்துக் கொத்துக் கொத்தாகக் கொன்றவனுக்குக் கீழ்க் கோர்ட், ஹைகோர்ட், உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு என்று எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேலும் ஒரு கருணை மனு எதற்கு? செத்தவர்களிடம் அவன் மனு வாங்கினானா? வரப்புச் சண்டை, குடும்பத் தகராறில் நடந்த கொலை என்றால் சரி, யோசிக்கலாம். பயங்கரவாதிக்கு அந்தக் கதவே இருக்கக் கூடாது என்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

இல்லை என்பவன் நான். ஆனால் அந்த எண்ணம் எனக்குக் கூடவே பிறந்ததில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991 மே 21 ராத்திரி எனக்குப் பதினைந்து வயது. தாம்பரம் பக்கம் இருந்தோம். மறுநாள் காலையில் பஸ் இல்லை, கடை இல்லை, தெருமுனை திமுக கொடிக்கம்பத்தை யாரோ அடியோடு சாய்த்திருந்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்த அப்பா தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வீடு வந்து சேர்ந்தார். பேப்பரில் ஸ்ரீபெரும்புதூர் படங்களைப் பார்த்தபோது ராஜீவ் காந்தியைவிட எனக்கு உறைத்தது, கூட்டத்தில் பந்தோபஸ்துக்கு நின்று செத்த போலீஸ்காரர்கள்தான். மாதச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர்கள், அப்பா மாதிரி.

1998 ஜனவரி 28-ல் ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும், ஒருவர் பாக்கியில்லாமல், தூக்கு என்றது. அன்றைக்கு டீக்கடையில் நின்று "சரியான தீர்ப்பு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வருடம் மே 11-ல் உச்ச நீதிமன்றம் அந்த 26 பேரில் 19 பேரை வெளியே விட்டது. சிலர் மேல் சின்னக் குற்றங்கள் மட்டும் நின்றன, அதற்கான தண்டனையை விசாரணைக் காலத்திலேயே கழித்திருந்தார்கள். மூன்று பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கு மட்டும் தூக்கு. ஆக நான் டீக்கடையில் நின்று தூக்குக்கு அனுப்பிய 26 பேரில் 22 பேர் தூக்குக்கு உரியவர்களே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 3

"அதான் உச்ச நீதிமன்றம் சரிசெய்துவிட்டதே, அதற்குமேல் ஜனாதிபதி எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஒரு தேதியில் இருக்கிறது: 2011 செப்டம்பர் 9. நளினிக்கு 2000-லேயே ஆயுளாகக் குறைத்துவிட்டார்கள், மீதி மூன்று பேரையும் வேலூர் ஜெயிலில் தூக்கிலிட நாள் குறித்தாயிற்று. ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் ஆகஸ்டில் மனுவைத் தள்ளியிருந்தார், 11 வருடத்துக்கு மேல் கிடப்பில் வைத்த பிறகு. ஆகஸ்ட் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் என்ன நடந்தது? பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதியெடுத்த சிபிஐ எஸ்.பி. தியாகராசன், ஓய்வுபெற்ற பிறகு வெளிப்படையாகச் சொன்னார்: இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்ததாக அவர் சொன்னதை எழுதினேன், அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று சொன்னதை எழுதாமல் விட்டேன். அந்த ஒரு வரிதான் வழக்கே. தெரியாது என்றால் சதியில் பங்கு எங்கே? எல்லாக் கோர்ட்டும் முடிந்து, சீராய்வும் முடிந்து, கருணை மனுவும் முடிந்து, தேதியும் குறித்து அதுவும் தாண்டிப்போன பிறகு இந்த வரி வெளியே வருகிறது. செப்டம்பர் 9-ல் காரியம் முடிந்திருந்தால் தியாகராசன் சொன்னதைக் கேட்க ஒரு சமாதிதான் இருந்திருக்கும். இல்லை, ஒருவேளை அவர் சொல்லியே இருக்கமாட்டார், யாருக்காகச் சொல்வது?

மனு பதினொரு வருடம் கிடந்தது கொடுமை. அந்தக் கொடுமைதான் அவரைக் காப்பாற்றியது. 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது.

ஆகஸ்ட் 3, கொஞ்ச நேரம் கழித்து

கேஹர் சிங்கை மறந்துவிட்டேன். இந்திரா காந்தி கொலை வழக்கு. அவர் மனுவில்தான் 1988 கடைசியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவின் கீழ் ஜனாதிபதி சாட்சியங்களைத் தானே படித்து, கோர்ட் வந்த முடிவுக்கு மாறான முடிவுக்குக் கூட வரலாம் என்று. அதாவது கருணை மனு என்பது காலில் விழுவது மட்டும் இல்லை, வழக்குக் கட்டை மறுபடி பிரித்துப் பார்க்கும் இடம். அந்தச் சட்டத்தை வாங்கித் தந்த கேஹர் சிங் 1989 ஜனவரி 6-ல் தூக்கில் தொங்கினார். அதே வழக்கில் கீழ்க் கோர்ட்டும் டெல்லி ஹைகோர்ட்டும் தூக்கு கொடுத்த பல்பீர் சிங்கை உச்ச நீதிமன்றம் குற்றமே இல்லை என்று விட்டது. ஒரே வழக்கு.

ஆகஸ்ட் 4, திருத்தம்

ராஜீவ் வழக்கு பற்றி இங்கே எல்லோரும் "பயங்கரவாத வழக்கு" என்றே எழுதுகிறோம், நானும் அப்படியே போய்க்கொண்டிருந்தேன். சட்டப்படி அது தப்பு. 1999 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்றது. நோக்கம் ஒருவரைக் கொல்வது, மக்களிடமோ அரசிடமோ பீதி கிளப்புவது இல்லை என்று. நால்வரின் தூக்கு சாதாரண இ.பி.கோ. 302 (கொலை), 120-பி (சதி) பிரிவுகளில்தான். அதாவது பயங்கரவாதி என்று முத்திரை குத்திப் பிடித்தார்கள், முத்திரை உதிர்ந்துவிட்டது.

ஆனால் கவனியுங்கள். தடா போய்விட்டாலும் தடாவில் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சாதாரணக் கொலை வழக்கில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமே ஆகாது. தடா 15-வது பிரிவில் எஸ்.பி. எழுதினால் ஆகும். ஆக குற்றம் சாதாரணக் குற்றம், சாட்சியம் மட்டும் பயங்கரவாதச் சாட்சியம். எனக்கு இது புரிய மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். சாட்சியத்தின் தரத்தை எங்கே தளர்த்தி வைத்திருக்கிறோமோ, அதே இடத்தில் கடைசிக் கதவையும் மூடு என்கிறீர்கள். வரப்புச் சண்டைக் கொலையில் மூடினால்கூட ஆபத்து குறைவு.

ஆகஸ்ட் 6

வாக்குமூலம் எப்படி எழுதப்படும் என்று நான் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்று ஒருவர் கேட்டார். "எஸ்.பி. ரேங்க் ஆபீஸர் பொய் எழுதுவாரா" என்று.

சொல்கிறேன், எனக்குப் பெருமை சேர்க்கும் கதை இல்லை. 2004-ல் நண்பனின் பைக் காணாமல் போனது. பத்து நாளில் கிடைத்துவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து போன். துணைக்கு நானும் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. பைக் வாசலில் நிற்கிறது. உள்ளே ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். ரைட்டர் ஒரு மகஜரை, பொருளைக் கைப்பற்றியதற்கான காகிதம் அது, நீட்டி "சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி, சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். போட்டேன். படிக்கவில்லை. நண்பனுக்கு பைக் வேண்டும், எனக்குப் பசி.

ஒன்றரை வருடம் கழித்து சம்மன் வந்தது. கூண்டில் ஏறியபோதுதான் தெரிந்தது, அந்தப் பையன் எங்கள் முன்னிலையில் ஒரு பாழடைந்த கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் பைக்கை எடுத்துக் கொடுத்ததாக அந்தக் காகிதம் சொல்கிறது. அந்தக் கிணற்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "இது உங்கள் கையெழுத்தா?" ஆமாம். "நீங்கள் உடன் இருந்தபோது எடுத்ததா?" வாசலில் ரைட்டர் நிற்கிறார், காலையில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், இல்லை என்றால் பிறழ் சாட்சி ஆவேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். ஆமாம் என்றேன். பையனுக்கு எட்டு மாதம்.

அவன் திருடினானா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. திருடியிருக்கலாம். ரைட்டரும் கெட்டவர் இல்லை, அவன்தான் திருடினான் என்று மனதார நம்பினார். நம்பினதால்தான் மீதியை நிரப்பினார். தியாகராசன் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த ரைட்டர் முகம்தான் வந்தது. அவரும் பேரறிவாளனுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. வழக்குக்குப் பொருந்தாத ஒரு வரியை விட்டார், அவ்வளவே. ஒரு பைக்குக்கே ஒரு ஸ்டேஷன் இப்படி நிரப்புகிறது என்றால், முன்னாள் பிரதமர் கொலைக்கு நாடே கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு நிரப்புவார்கள்? குற்றம் பெரிசானால் விசாரணை கவனமாக நடக்கும் என்று நினைக்கிறோம். அவசரமும் பெரிசாகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகஸ்ட் 6, சின்னது

"ஜெயிலில் வைத்துப் பிரியாணி போடணுமா" என்ற கேள்வி எப்படியும் வரும் என்று காத்திருந்தேன், வந்துவிட்டது. 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப் பிரியாணி கேட்டான் என்பது தானே கட்டிவிட்ட கதை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் உஜ்வல் நிகம் 2015-ல் சொல்லிவிட்டார். கசாப்பைத் தூக்கில் போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து. பிரியாணி மட்டும் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 9

இனி நான் சொல்லப்போவது என் பக்கத்து ஆட்களுக்கே பிடிக்காது.

2011 ஆகஸ்ட் கடைசி வாரம் நான் கோயம்பேடு போனேன், மூன்று பெண் வழக்கறிஞர்கள் தூக்கை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற பெண் அதே கோரிக்கைக்காகத் தீக்குளித்த செய்தி வந்தபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆகஸ்ட் 30-ல் சட்டமன்றத்தில் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம். முந்தின நாள்வரை தனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்ன ஜெயலலிதாவே கொண்டுவந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அப்போது காஷ்மீர் முதல்வராக இருந்த உமர் அப்துல்லா, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தூக்கு வாங்கிய அஃப்சல் குருவை வைத்து ஒரு கேள்வி போட்டார்: இதே மாதிரி அஃப்சல் குருவுக்காக எங்கள் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தால் நாடு இப்படி அமைதியாக இருந்திருக்குமா? நான் எரிச்சல்பட்டேன். "அது வேற, இது வேற" என்று ஆபீசில் அரை மணி நேரம் பேசினேன். எப்படி வேறு என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

2013 பிப்ரவரி 9, சனிக்கிழமை காலை. அஃப்சல் குருவைத் திகாரில் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்று டிவியில் ஓடுகிறது. வீட்டுக்கு முன்கூட்டித் தகவல் இல்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய கடிதம் ஆளை ஜெயிலுக்குள்ளேயே புதைத்து இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. நான் என்ன செய்தேன்? சாப்பிட்டுவிட்டு மகளை ஸ்கூல் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயம்பேடு போன அதே ஆள்.

சரி, அவர் தமிழர் இல்லை, தூரம், போகட்டும். அதே மாதம் வீரப்பன் கூட்டாளிகள் என்று சைமன், ஞானப்பிரகாசம், மாதையன், பிலவேந்திரன் நால்வரின் மனுவையும் ஜனாதிபதி தள்ளினார். நம்ம ஆட்கள்தானே? 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடி, 22 பேர் செத்த வழக்கு. மைசூர் தடா நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்தது ஆயுள். அதை எதிர்த்து அப்பீல் போனார்கள், உச்ச நீதிமன்றம் 2004-ல் தூக்காக உயர்த்திவிட்டது! அப்பீல் போகாமல் இருந்திருந்தால் தூக்குக் கயிறே இல்லை. இவர்களுக்காகப் பேசியவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் சட்டமன்றத் தீர்மானம் எங்கே, தெருவில் கூட்டம் எங்கே? நான் எங்கே?

2014 ஜனவரி 21-ல், சத்ருகன் சவுகான் வழக்கு என்று சொல்கிறோமே, அதில்தான் மனுத் தாமதம் முதலான காரணங்களால் இவர்கள் நால்வரையும் சேர்த்து 15 பேர் தூக்கிலிருந்து தப்பினார்கள். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மாதமே பேரறிவாளன் வழக்கு ஜெயித்தது. நாம் எட்டிப் பார்க்காத நால்வர் போட்ட பாதையில் நாம் கொண்டாடிய மூவர் நடந்து வந்தார்கள்.

ஆகஸ்ட் 9, இன்னொன்று

யாரும் கேட்கவில்லை, ஆனாலும். பழைய பேப்பர் கட்டிங் சிலது வைத்திருக்கிறேன். ஒரே பத்திரிகை, ஒரே ஆள், வருடத்துக்கு ஒரு பேர்: இளைஞர், போராளி, தீவிரவாதி, பயங்கரவாதி, குற்றவாளி, கைதி. கடைசியில் விடுதலையான அன்று "அவர்" என்று மரியாதை. தமிழில் "ன்" போய் "ர்" வருவதற்கு 31 வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் 13

செத்தவர்கள் பக்கத்தைத் தொடவே இல்லை என்ற குற்றச்சாட்டு சரிதான், ஒதுங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்தது. அன்றைக்குச் செத்தவர்கள் 58 பேர். அந்த வழக்கில் 2007-ல் தண்டனை சொன்னபோது ஒருவருக்குக்கூடத் தூக்கு இல்லை, ஆயுள்தான் அதிகபட்சம். உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று அவரிடம் ஒரு தடவை கேட்டேன். தீர்ப்பு வந்ததே டிவியில் பார்த்துத்தான் தெரிந்தது என்றார். ஒன்பது வருடத்தில் ஒருவரும் ஒரு போன் செய்து வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைவிட, எனக்கு ஒருத்தன்கூடச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை. அப்புறம் சொன்னார்: "தூக்கு வேண்டாம்பா. ஆனா வெளிய விட்டா நான் ரோட்டுக்கு வருவேன்."

இந்த இரண்டாவது வாக்கியம் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. ஏனென்றால் தூக்கைக் குறைப்பது ஒன்று, வெளியே விடுவது வேறு. நாம் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறோம். 2014-ல் பிப்ரவரி 18-ந் தேதி தண்டனைக் குறைப்பு, 19-ந் தேதி ஏழு பேரையும் விடுதலை செய்வதாகத் தமிழக அரசு அறிவிப்பு. ஒரே நாள் இடைவெளி. எனக்கே அன்று பக்கென்று இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் காயப்பட்டு இன்னும் உடம்பில் துண்டுகளோடு இருப்பவர்கள் அந்த அறிவிப்பை எப்படிக் கேட்டிருப்பார்கள்? கடைசியில் விடுதலை வந்தது 2022-ல்தான், பேரறிவாளனுக்கு மே 18, மீதிப் பேருக்கு நவம்பர் 11. அதுவும் கருணையில் இல்லை. அமைச்சரவை 2018-லேயே பரிந்துரைத்த கோப்பில் ஆளுநர் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்ததால் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனம் 142-வது பிரிவில் உள்ள தன் சிறப்பு அதிகாரத்தில் தானே செய்தது. சாந்தன் வெளியே வந்தும் ஊர் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமில் கிடந்து, இலங்கைக்கு அனுப்பலாம் என்று அனுமதி வந்த கையோடு, 2024 பிப்ரவரி 28-ல் சென்னையில் இறந்தார். இறந்த ஆஸ்பத்திரியின் பெயர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

ஆயுள் என்றால் 14 வருடம் என்று எழுதியவருக்கு: இல்லை. ஆயுள் என்றால் சாகும்வரை. 14 வருடம் என்பது, அதற்கு முன்னால் விடுதலையைப் பற்றிப் பேசவே கூடாது என்ற வரம்பு. இத்தனை வருடம் சலுகையே கிடையாது என்று எழுதித் தண்டனை கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, 2015-ல் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்துவிட்டது. என் கோவை நண்பர் கேட்டதைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கயிறு இல்லாமலே.

ஆகஸ்ட் 14

விமானக் கடத்தல் வாதம். உயிரோடு வைத்திருந்தால் கடத்தி மீட்பார்கள், காந்தஹார் பார்த்தோமே என்று. 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளுக்குப் பதிலாக விட்டது மசூத் அசாரை. அவருக்கு தூக்கே விதிக்கவில்லை, தண்டனை பெற்ற கைதியாகவே இல்லை. கருணை மனுவை ஒழித்திருந்தால் காந்தஹார் எப்படி நின்றிருக்கும்?

தூக்கைப் பார்த்து அடுத்தவன் பயப்படுவான் என்பதற்கு நீட்டிப் பதில் எழுத மனமில்லை. ராஜீவைக் கொன்ற தணு இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டுதான் மாலையோடு குனிந்தாள்.

ஆகஸ்ட் 19

சட்ட ஆணையம் பற்றி. 2015 ஆகஸ்ட், 262-வது அறிக்கை, நீதிபதி ஏ.பி. ஷா தலைமை. தூக்கை ஒழிக்கலாம், பயங்கரவாதமும் நாட்டின் மீது போர் தொடுப்பதும் தவிர என்று பரிந்துரை. கேள்வி கேட்டவர் இதைத்தான் தன் பக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துப் போட்டிருக்கிறார். முழுசாகப் படியுங்கள். பயங்கரவாதத்தை மற்றக் குற்றங்களிலிருந்து பிரித்து நடத்தத் தண்டனைத் தத்துவப்படி நியாயமான காரணம் இல்லை என்று அதே அறிக்கையே சொல்கிறது. தேசப் பாதுகாப்பு பற்றிய கவலை இருக்கிறது என்பதால் விட்டுவைக்கிறார்கள். காரணம் இல்லை, கவலை இருக்கிறது.

கோர்ட்டும் ஒருமுறை உங்கள் வாதத்தை ஏற்றது. தேவிந்தர் பால் சிங் புல்லர், 1993 டெல்லி குண்டுவெடிப்பு, 9 பேர் சாவு. 2013 ஏப்ரலில், பயங்கரவாத வழக்கில் தாமதத்தைச் சொல்லிக் கருணை கேட்க முடியாது என்றார்கள். ஒன்பதே மாதத்தில் சத்ருகன் சவுகான் தீர்ப்பு அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. 2014 மார்ச் 31-ல் புல்லருக்கும் ஆயுளாகக் குறைத்தார்கள். இதில் பலர் விட்டுவிடும் விஷயம்: 2002-ல் அவர் அப்பீலை விசாரித்த மூன்று நீதிபதிகளில் மூத்தவரான எம்.பி. ஷா, வாக்குமூலம் தவிர ஒன்றும் இல்லை, விடுதலை செய்யவேண்டும் என்று எழுதினார். மற்ற இருவர் தூக்கு என்றார்கள். 2-க்கு 1 என்று ஒரு ஆளைத் தூக்கில் போடலாம். கிரிக்கெட்டில்கூட சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு.

அட்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா (தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட்டும் குஜராத் ஹைகோர்ட்டும் மூன்று பேருக்குத் தூக்கு என்றன. 2014 மே 16-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விட்டது. அன்று தேர்தல் முடிவு நாள், யார் பார்த்தார்கள். 2025 ஜூலை 21-ல், 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் பாம்பே ஹைகோர்ட் 12 பேரையும் விட்டது, அதில் தூக்கு வாங்கியவர்கள் ஐந்து பேர், ஒருவர் 2021-லேயே ஜெயிலில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்ற அளவில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, திரும்ப ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்றும் சொன்னது. முடிவு எப்படி வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் இவர்களும் ஒரு காலத்தில் டீக்கடையில் "சரியான தீர்ப்பு" வாங்கியவர்கள்தான்.

ஆகஸ்ட் 24

கசாப். இதுவரை நைசாக நழுவினேன் என்று மூன்று பேர் பிடித்துவிட்டார்கள்.

நழுவினேன். கசாப்பில் என் வாதம் எதுவும் நிற்காது. துப்பாக்கியோடு படம் இருக்கிறது. துக்காராம் ஓம்பளே என்ற போலீஸ்காரர் வெறும் கையால் அந்தத் துப்பாக்கியைப் பிடித்து, குண்டுகளை உடம்பில் வாங்கி, உயிரோடு பிடித்துக் கொடுத்தார். 166 பேர் செத்தார்கள். பேட்டரி எதற்கு என்று தெரியுமா தெரியாதா என்ற பேச்சே இல்லை. 2012 நவம்பர் 5-ல் பிரணாப் முகர்ஜி மனுவைத் தள்ளினார், 21-ல் எரவாடாவில் முடிந்தது. தாமதம் என்றும் சொல்ல வழியில்லை.

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். அவனுக்கு 21 வயது, ஏழை, மூளையைச் சலவை செய்தார்கள் என்றெல்லாம் எழுதினேன், படித்துப் பார்த்தால் நானே நம்பவில்லை. ஓம்பளேயை நினைத்தால் எனக்கு 1991 பேப்பரில் பார்த்த பந்தோபஸ்துப் போலீஸ்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள், பதினைந்து வயதுக் கோபம் அப்படியே திரும்ப வருகிறது. கசாப்பின் மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் என் கை போகாது. இதை மறைத்து எழுதினால் கோயம்பேடு போய்விட்டு அஃப்சலுக்குச் சும்மா இருந்த அதே வேலையைத்தான் மறுபடி செய்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் கேள்வி, கசாப்புக்குக் கருணை கிடைக்க வேண்டுமா என்பதில்லை. மனு போட அவனுக்கு இடம் இருக்க வேண்டுமா என்பது. இருந்தது. போட்டான். படித்தார்கள், தள்ளினார்கள். பயங்கரவாதி என்ற சொல்லை வைத்து அந்த ஜன்னலை மூடினால் கசாப்புக்கு முன்னால் மூடாது, வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்கிற பேரறிவாளன் முகத்தில்தான் மூடும். முதலிலேயே யார் எது என்று தெரிந்திருந்தால் ஜன்னலே தேவையில்லை.

ஆகஸ்ட் 25

ஜன்னல் என்றதும் நினைவு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புது சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 472-வது பிரிவு. ஜெயில் சூப்பிரண்டு தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளில் கருணை மனு போட்டுவிட வேண்டும். தண்டனை பெற்றவர், வாரிசு, உறவினர் இவர்கள்தான் போடலாம். முடிவு வந்தால் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது. பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கில் பல்வந்த் சிங் ராஜோனாவின் மனு 2012-லிருந்து இன்னும் முடிவில்லாமல் கிடக்கிறது. அதை அவர் போடவில்லை, மாட்டேன் என்றுவிட்டார். சீக்கியர்களின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி போட்டது. புதுச் சட்டப்படி பார்த்தால் கமிட்டி உறவினர் இல்லை.

30 நாளில் எஸ்.பி. ஓய்வுபெற்று மனசாட்சி உறுத்தி வாய் திறக்க மாட்டார். தியாகராசனுக்கு 22 வருடம் ஆயிற்று.

ஆகஸ்ட் 25, திருத்தம்

நேற்று எழுதியதில் கசாப்புக்கு 21 வயது என்றது பிடிபட்டபோது, தூக்கின்போது இல்லை.

ஆகஸ்ட் 31

அந்த பைக் பையன் என்ன ஆனான், போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அவன் பெயர் ஞாபகம் இருக்கிறது, கோர்ட்டில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நண்பன் அந்த பைக்கை அடுத்த வருடமே விற்றுவிட்டான்.